வலிக்கும் இடமும் வலியின் இடமும்



கடந்த சில வாரங்களில் உங்களில் மூவர், வெவ்வேறு நாட்களில், ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தீர்கள். தசைப்பிடிப்புக்காகப் பிசியோதெரபி மையங்களில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் 'ட்ரை நீடிலிங்' என்னும் சிகிச்சையை ஒரு விசுவாசி எடுத்துக்கொள்ளலாமா என்பதே அந்தக் கேள்வி. இருவர் பயத்தினால் கேட்டார்கள். ஊசியென்றால் யாருக்குத்தான் பயமில்லை? மூன்றாமவர் கேட்டது அப்படியல்ல. அவருக்குப் பதில் சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தச் சகோதரி பதினான்கு ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவர். ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்டு. வலது தோளில் தொடங்கிக் கழுத்தின் வழியாகப் பின்மண்டைக்கு ஏறும் வலி அவருக்கு உண்டு. வீட்டில் அதை வாய்வுப் பிடிப்பு என்றார்கள். பூண்டு சுட்டுக் கொடுத்தார்கள். தைலம், வெந்நீர் ஒத்தடம், சுளுக்கு வழித்தல் எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒரு பிசியோதெரபி மையத்தில் இரண்டு முறை ஊசிச் சிகிச்சை பெற்றார். வலி பாதி இறங்கியது. அந்த நேரத்தில் அவர் மதிக்கும் ஒருவர், இரண்டாம் நாளாகமம் பதினாறாம் அதிகாரத்தைத் திறந்து, கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடிய ஆசா ராஜாவைக் காட்டி, "உனக்கு விசுவாசம் இருந்தால் இந்த ஊசி எதற்கு? அதுவும் சீன தேசத்துச் சடங்கு" என்று சொல்லிவிட்டார். சகோதரி மூன்றாம் முறை போகவில்லை. என்னிடம் வந்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "நான் ஜெபம் பண்ணாமல் இல்லைங்க ஐயா."

ஒருவருடைய தோள்வலிக்கு அவருடைய ஜெபத்தைக் கணக்குக் கேட்கும் வழக்கம் நம்மிடையே எப்படிப் புகுந்தது? அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஊசி என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வோம். அறியாத ஒன்றை ஆதரிப்பதும் கண்டிப்பதும் நமக்குத் தகாது.

நெடுநேரம் ஒரே நிலையில் வேலை செய்யும் தசையில், இழைகளின் ஒரு சிறு பகுதி மட்டும் இறுகி, தளராமலே நின்றுவிடுவதுண்டு. விரலால் தடவினால் கயிறு முறுக்கியதுபோல ஒரு பட்டை தட்டுப்படும். அந்தப் பட்டையில் ஓரிடத்தை அழுத்தினால் ஆள் துள்ளிவிடுவார். மருத்துவர்கள் அதை 'டிரிக்கர் பாயிண்ட்' என்கிறார்கள். நாம் தசைமுடிச்சு என்று வைத்துக்கொள்வோம். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் சுருங்கச்சொல்லும் வேதிப்பொருள் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது, இறுகிய இழை தன்னருகே உள்ள நுண்குழாய்களை நெரிக்கிறது, இரத்தம் குறைகிறது, இரத்தம் குறைந்ததால் தளர்வதற்குத் தேவையான சக்தியும் கிடைக்காமல் இறுக்கம் நீடிக்கிறது. இதுதான் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஒரே நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் இரு வல்லுநர்கள் ஒரே முடிச்சைக் காட்டுவதில்லை என்பது அவர்களுடைய நியாயமான கேள்வி.

இந்த முடிச்சின் விசித்திரமான குணம், வலியை வேறிடத்துக்கு அனுப்புவது. தோளின் மேல்தசையில் உள்ள முடிச்சு நெற்றிப்பொட்டில் வலிக்கும். தோள்பட்டை எலும்பின் பின்புறத்து முடிச்சு தோளின் முன்பக்கத்தில் வலிக்கும். புட்டத்தின் ஆழத்தில் இருக்கும் முடிச்சு, கால் முழுவதும் இறங்கி, இடுப்பு நரம்பு நோய்போலவே தோற்றமளிக்கும். 1930-களின் பிற்பகுதியில் லண்டனில் ஜோனாஸ் கெல்கிரென் என்னும் மருத்துவர், தசைகளுக்குள் சிறிதளவு உப்புக்கரைசலைச் செலுத்தி, அந்த வலி எங்கே உணரப்படுகிறது என்று குறித்துவைத்தார். தம்முடைய உடலையும் அந்தச் சோதனைக்கு அவர் விலக்கிவைக்கவில்லை. குத்தியது ஓரிடம், வலித்தது வேறிடம் என்பதை அவர் ஒழுங்காகப் பதிவு செய்தார்.

அதன்பின் அமெரிக்காவில் ஜேனட் டிராவெல் என்னும் மருத்துவர் இந்த முடிச்சுகளைத் தசை தசையாகத் தேடிப் படம் வரைந்தார். முதுகுவலியால் நடக்கவே சிரமப்பட்ட செனட்டர் ஜான் கென்னடிக்கு 1955 முதல் சிகிச்சை அளித்தவர் அவர். கென்னடி 1961-இல் அதிபரானபோது வெள்ளை மாளிகையின் மருத்துவராகவும் ஆனார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண் அவரே. அவரும் டேவிட் சைமன்ஸும் சேர்ந்து எழுதிய கையேட்டின் முதல் பாகம் 1983-இல் வந்தது. (இந்தச் சைமன்ஸ், 1957-இல் பலூனில் ஏறி முப்பது கிலோமீட்டர் உயரம் சென்றுவந்த விமானப்படை மருத்துவர். வானத்தின் விளிம்பைப் பார்த்தவர் பின்னாளில் பட்டாணி அளவு முடிச்சுகளில் ஆயுளைச் செலவிட்டார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.)

டிராவெல் ஊசிவழியாக மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார். மருந்தே வேண்டாம், ஊசி போதும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பிராகு நகரத்து மருத்துவர் கரேல் லெவிட். 1979-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் வெறும் ஊசியைச் செலுத்தியதாகவும், அவற்றில் 86.8 விழுக்காட்டில் வலி உடனே அடங்கியதாகவும் எழுதினார். முடிச்சின் சரியான புள்ளியை ஊசி தொட்டதா என்பதே பலனைத் தீர்மானித்தது என்றும் கண்டார். அதனால்தான் 'உலர்' ஊசி என்று பெயர். அதில் மருந்து இல்லை. மருந்து போவதற்குத் துளையும் இல்லை. இரத்தம் எடுக்கும் ஊசி முக்கால் மில்லிமீட்டர் தடிமன் என்றால், இது கால் மில்லிமீட்டர் அல்லது சற்றே கூடுதல்.

இனி என் வலியைப்பற்றி. எனக்கு இரண்டு ஆண்டுகளாக வலது நெற்றிப்பொட்டில் தலைவலி இருந்தது. கண்ணைச் சோதித்தார்கள், கண்ணாடி மாறியது, வலி மாறவில்லை. சைனஸ் படம் எடுத்தார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. ஞாயிறு மாலைகளில் வலி கூடும். பிரசங்கம் ஆயத்தம்பண்ணக் கழுத்தைக் கவிழ்த்துச் சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருப்பேன் என்பதையும் அந்த வலியையும் எந்த மருத்துவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. குறை சொல்லவில்லை. தலை வலிக்கிறது என்று போகிறவனின் தலையைத்தானே பார்ப்பார்கள்?

பிசியோதெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். என் தலையை அவர் பார்க்கவேயில்லை. குப்புறப் படுக்கச் சொன்னார். நான் எப்படி உட்காருகிறேன், எந்தப் பக்கம் சாய்ந்து படிக்கிறேன், கைபேசியை எந்தத் தோளில் இடுக்கிப் பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டே, வலது தோளின் மேல்தசையை விரல்களால் மெதுவாக, அங்குலம் அங்குலமாக, தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அழுத்தினார். அழுத்தியது தோளில், வலி பொறிதட்டியது நெற்றிப்பொட்டில்.

"இந்த வலிதானுங்களா ஐயா?"

"இதேதான் அம்மா."

இரண்டு ஆண்டுகளில் என் வலியை இன்னொருவர் கண்டுகொண்டது அப்போதுதான். இதை மிகைப்படுத்தாமல் சொல்ல முயல்கிறேன்: ஊசி உள்ளே போகும் முன்பே எனக்குப் பாதி ஆறுதல் கிடைத்துவிட்டது.

கையுறை அணிந்தார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். தசையைப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே பிடித்து உடலைவிட்டு மேலே தூக்கினார். கீழே நுரையீரலின் உச்சி இருப்பதால் அப்படித் தூக்கிப்பிடிப்பதே பாதுகாப்பு என்று சொன்னார். புதிய உறையைப் பிரித்து, சிறு பிளாஸ்டிக் குழாயின்வழியே ஊசியைத் தட்டி இறக்கினார். தோலில் எறும்பு கடித்தது போன்ற உணர்வுதான். உள்ளே நகர்த்தியபோது, என் விருப்பமின்றியே தசை ஒருமுறை சுண்டி இழுத்துத் துடித்தது, தூண்டிலில் மீன் துள்ளுவதுபோல. பிறகு ஆழமான கடுப்பு. மறுபடி நெற்றிப்பொட்டில் அதே வலி. பிறகு மெல்ல ஒரு தளர்வு. அந்தத் துடிப்பைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். சரியான இடத்தைத் தொட்டதற்கு அது அடையாளம் என்கிறார்கள். இரண்டு நாட்கள் அடிபட்டதுபோல் தோள் வலித்தது. நான்கு முறை சென்றேன். தலைவலி வாரம் ஐந்து நாள் என்பதிலிருந்து மாதம் இரண்டு நாள் என்றானது. அதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, அவர் கற்றுத்தந்த கழுத்துப் பயிற்சிக்கு எவ்வளவு பங்கு, சனிக்கிழமைதோறும் மேஜையில் புத்தகத்தைச் சாய்வுப்பலகையில் வைத்துப் படிக்கத் தொடங்கியதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

இப்போது ஆசா ராஜாவுக்கு வருவோம். சகோதரியை நிறுத்திவைத்தது அந்த வசனந்தானே.

அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பித் துணை தேடினவன் ஆசா. அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் போட்டான்; ஜனங்களில் சிலரை ஒடுக்கினான். அதன் பிறகே அவன் பாதங்களில் நோய் கண்டது. அவன்மீதான குற்றச்சாட்டு, கர்த்தரைத் தேடவில்லை என்பது; மருந்து உண்டான் என்பதல்ல. இறையியல் கல்லூரியில் எங்களுக்கு எபிரெயம் கற்பித்த ஆசிரியர் இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைக் காட்டுவார். அங்கே வைத்தியர்களைக் குறிக்கும் சொல்லும், யாத்திராகமம் 15:26-இல் கர்த்தர் தம்மைக் குணமாக்குகிறவர் என்று அறிவிக்கும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை: 'ராஃபா'. வைத்தியர் என்னும் பெயரே கர்த்தர் தமக்கு எடுத்துக்கொண்ட பெயர். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்து, பதினைந்து ஆண்டுகள் கூட்டித்தரப்படும் என்ற வாக்கையும் பெற்ற பிறகு, ஏசாயா என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழத்தைப் பிசைந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டதே, பற்று எதற்கு என்று அந்த அரண்மனையில் ஒருவரும் கேட்டதாக எழுதப்படவில்லை.

அடுத்தது, சீன தேசத்துச் சடங்கு என்ற அச்சம். ஊசி ஒன்றுதான், அதை மறுக்கவேண்டியதில்லை. அக்குபங்சர், உடலில் ஓடும் உயிராற்றலின் பாதைகளைக்கொண்டு தன் புள்ளிகளைக் கணக்கிடுகிறது. அது நீண்ட வரலாறு உடைய மருத்துவ மரபு. ட்ரை நீடிலிங் செய்பவர்கள் தசை, நரம்பு, இரத்தக்குழாய் ஆகியவற்றின் உடற்கூற்றைக்கொண்டு தேடுகிறார்கள். இரண்டுக்கும் உறவு எவ்வளவு என்பது பற்றி அவர்களுக்குள்ளேயே வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஆனால் ஒரு பொருள் எந்தத் தேசத்தில் முதலில் புழங்கியது என்பதைக்கொண்டு அது தீட்டா என்று தீர்மானிக்கத் தொடங்கினால், நாம் குடிக்கும் தேநீரையும் எழுதும் காகிதத்தையும் முதலில் கீழே வைக்கவேண்டியிருக்கும். கொரிந்து பட்டணத்துக் கடைத்தெருவில் விற்ற இறைச்சியைக் குறித்துப் பவுல் எழுதியதை வீட்டில் வாசித்துப் பாருங்கள். அங்கே அவர் இரண்டு பக்கமும் பேசுகிறார். உண்கிறவனின் சுதந்திரத்தைக் காக்கிறார். மனச்சாட்சி உறுத்துகிறவனை இகழவேண்டாம் என்றும் சொல்லுகிறார். ஆகவே உங்களில் ஒருவருக்கு இந்த ஊசி மனதுக்கு ஒவ்வாவிட்டால், அவரை யாரும் வற்புறுத்தவேண்டாம். ஒத்தடமும் பயிற்சியும் அவருக்கு உண்டு. தம்முடைய ஒவ்வாமையைப் பிறர் தோளில் ஏற்றிவைக்க மட்டும் அவருக்கு உரிமையில்லை.

இதையெல்லாம் வாசித்து, ஊசிதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாரும் புறப்பட்டுவிடாதீர்கள். லெவிட்டின் கணக்கையே இன்னொரு முறை பாருங்கள். பிற்பாடு தொடர்ந்து கவனிக்கப்பட்ட 288 இடங்களில், நிரந்தரமாக நோவு நீங்கியவை 92. மற்றவற்றில் சில மாதங்கள், சில வாரங்கள், சிலவற்றில் சில நாட்களே. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் அவரிடம் இல்லை. அதன்பின் வந்த ஆய்வுகளும் குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது என்பதையே அதிகம் ஆதரிக்கின்றன. நெடுங்காலப் பலனுக்குச் சான்று மெலிந்தது.

ஆபத்து முற்றிலும் இல்லை என்றும் சொல்லமுடியாது. அயர்லாந்தில் பிசியோதெரபிஸ்டுகள் செய்த 7,629 சிகிச்சைகளைப் பதிவுசெய்து 2014-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் கன்றிப்போதல், துளி இரத்தம், வலி போன்ற சிறு விளைவுகள் இருந்தன. பெரிய தீங்கு ஒன்றும் பதிவாகவில்லை. ஆயினும் தோள், மேல்முதுகு, விலா ஆகிய இடங்களில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலின் உறை துளைபட்டுக் காற்று கசியலாம். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. சிகிச்சைக்குப் பின் மூச்சுத்திணறலோ மார்பில் குத்துவலியோ வந்தால் வீட்டில் படுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லவேண்டும், கர்ப்பிணிகளும் அப்படியே. கை மரத்துப்போகிறது, கால் வலுவிழக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, காரணமின்றி எடை குறைகிறது என்றால் அது தசைமுடிச்சின் கதையல்ல, மருத்துவரிடம் போகவேண்டும். குத்துகிறவர் பிசியோதெரபியில் பட்டம் பெற்றவரா, இந்த முறையில் தனிப்பயிற்சி பெற்றவரா என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கவேண்டும். பயன்படுத்திய ஊசி அங்கேயே ஊசிப்பெட்டிக்குள் போகவேண்டும்.

சகோதரியோடு பேசிக்கொண்டிருந்தபோது யாத்திராகமம் பதினேழாம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. நாம் அதை ஜெபத்தின் வல்லமைக்கு எடுத்துக்காட்டாகவே பிரசங்கிக்கிறோம். நானும் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இந்த முறை அதைத் தோள்வலிக்காரனின் கண்ணோடு வாசித்தேன். மோசே குன்றின்மேல் கைகளை உயர்த்தி நிற்கிறார். நேரம் போகப்போகக் கைகள் கனக்கின்றன. தோளின் மேல்தசை இறுகும்போது அப்படித்தான் கனக்கும். ஆரோனும் ஊரும் அருகே இருக்கிறார்கள். "உமக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?" என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு கல்லை எடுத்துவந்து அவருக்குக் கீழே வைத்தார்கள், உட்காரவைத்தார்கள், இருபுறமும் நின்று சூரியன் அஸ்தமிக்கும்வரை கைகளைத் தாங்கினார்கள்.

அந்தக் கல்லைப்பற்றித்தான் சகோதரியிடம் கேட்டேன். கம்பெனியில் எதன்மேல் உட்காருகிறீர்கள்? பதினான்கு ஆண்டுகளாக அதே இரும்பு ஸ்டூல். மெஷின் மேஜைக்கு அது தாழ்ந்திருக்கிறது. தாழ்ந்த ஆசனத்தில் இருப்பவர் கைகளை மேஜைமேல் ஏற்றிவைக்க நாள் முழுவதும் தோளைத் தூக்கியே வைத்திருக்கவேண்டும். அந்தத் தசையை ஊசி ஒரு வாரம் தளர்த்தினாலும், மறுவாரம் ஸ்டூல் அதை மறுபடியும் முடிந்துவிடும். இதைப் பிசியோதெரபிஸ்டும் இரண்டாம் முறையே அவரிடம் சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டார். கூச்சம் மட்டுமல்ல. வலிக்கிறது என்று சொன்னால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. பீஸ் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு அது சிறிய பயமல்ல.

அதே கம்பெனியில் நம் சபையார் இன்னும் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களும் அவரோடு சேர்ந்துபோய்க் கேட்டார்கள். சூப்பர்வைசர் மறுக்கவில்லை. அவருக்கும் கழுத்துவலியாம். சென்ற சனிக்கிழமை நம் வாலிபர் ஐக்கியத்தில் தச்சுவேலை தெரிந்த தம்பி ஒருவர் மூன்று அங்குலக் கனத்தில் பலகை அறுத்து, வழுக்காமல் இருக்கச் சாக்கு ஒட்டி, ஐந்து ஸ்டூல்களுக்கும் பொருத்திக் கொடுத்தார்.

சகோதரி சிகிச்சையை மறுபடியும் தொடங்கியிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை மாலை நான்காவது முறை. ஊசி குத்திய அன்று தோள் கடுப்பதால் ஸ்கூட்டியைத் தானே ஓட்டிக்கொண்டு திரும்ப அவருக்குத் தயக்கம். துணைக்குப் போய்வர ஒருவர் வேண்டும் என்று பெண்கள் ஐக்கியச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். ஐந்தரை மணிக்குப் புறப்பட இயன்றவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.